முப்பத்தொன்றாம் வரிசை

அக்காவுக்கு ஸ்பேஸ் பாரைக் கண்டாலே ஆகாது. யாராவது பென்டிரைவைக் கொண்டுவந்து, "இத கொஞ்சம் நேரா ஆக்கிக் குடுங்க" என்று நீட்டினால், முதல் வேலையாக, மறைந்திருக்கும் குறிகளையெல்லாம் காட்டும் பொத்தானைத் தட்டுவார். பெயருக்கும் ஐசி என்கிற அடையாள அட்டை எண்ணுக்கும் நடுவே ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டியே இடம் விட்டிருப்பார்கள். ஒரு தட்டுக்கு ஒரு புள்ளி. திரை முழுக்கப் புள்ளியாக இருக்கும்.

"ஐயோ, எறும்பு மொய்ச்சுக் கெடக்குது பாரு," என்பார். கொண்டுவந்தவர் எதிரிலேயே நிற்கிறாரே என்றெல்லாம் யோசிக்க மாட்டார்.

கோலசிலாங்கூர் பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில் இருந்த ஒரு டைப்பிங் கடையில் நாங்கள் இரண்டு பெண்களும் வேலை செய்தோம். அவருக்குக் கம்ப்யூட்டர். எனக்கு போட்டோஸ்டாட் இயந்திரம், லேமினேட், பைண்டிங். என்னைவிட நான்கு வயதுதான் மூத்தவர், ஆனாலும் ஊரே அக்கா என்று கூப்பிட்டதால் நானும் அக்கா என்றே கூப்பிட்டேன். ஜெராமில் தம்பி வீட்டில் இருந்தார். கல்யாணம் ஆகி அது நிலைக்கவில்லை என்று கேள்வி. அதைப் பற்றி அவர் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. கட்டம் போடுவதைப் பற்றி மட்டும் நாள் முழுக்கப் பேசுவார்.

மற்றவர்கள் முதலில் கட்டத்தைப் போட்டுவிட்டு அப்புறம் ஒவ்வொரு கட்டமாகப் போய் எழுத்தை நிரப்புவார்கள். அக்கா கட்டமே போட மாட்டார். ஒரு பெயர், டேப், ஒரு எண், டேப், ஒரு முகவரி, என்டர். கோடே இல்லாமல் விறுவிறுவென்று ஐம்பது பேரை அடித்துத் தள்ளுவார். கடைசியில் மொத்தத்தையும் தெரிவு செய்து, ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் அத்தனையும் கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த ஒரு நொடிக்காகவே நான் லேமினேட் இயந்திரத்தை விட்டுவிட்டு அவர் பின்னால் போய் நிற்பேன்.

"மொதல்ல எழுத்து, அப்புறம்தான் கட்டம்," என்பார். "எழுத்து முடியாம கட்டத்தத் தொட்டேன்னு வை, சாயங்காலம் வரைக்கும் அதோட மல்லுக்கட்டிக்கிட்டுக் கெடக்கணும்."

இதைப் போல இன்னும் சில சட்டங்கள் வைத்திருந்தார். தலைப்பு வரிசை ஒவ்வொரு பக்கத்திலும் தானாக வர வேண்டும். ஒரு வரிசை இரண்டு பக்கமாகப் பிளந்து போகவே கூடாது. அதற்கென்று ஒரு சின்னப் பெட்டியில் டிக்கை எடுத்துவிடுவார். "ஒரு ஆளோட தல இந்தப் பக்கம், காலு அந்தப் பக்கமா? பாவம் லா." எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: வரிசைகள் எல்லாம் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்று குட்டையாகவும் ஒன்று நெட்டையாகவும் நின்றால் அவருக்குச் சோறு இறங்காது.

கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் படகு ஓட்டும் ஆள் ஒருவர், படகுக்காரர்களின் டியூட்டிப் பட்டியலை அடிக்க வந்தார். அவருடைய பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து ரயில் நீளம். கட்டத்துக்குள் அடங்காமல் இரண்டாவது வரிக்குப் போய்விட்டது.

"அண்ணே, அப்பா பேரக் கொஞ்சம் சுருக்கலாமா?" என்று கேட்டார் அக்கா.

"எங்கப்பன் செத்துப் பத்து வருசமாச்சுமா. இனிமே எங்கேருந்து சுருக்குறது?" என்றார் அவர்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்காவும் சிரித்தார், ஆனால் விடவில்லை. மற்ற கட்டங்களையெல்லாம் ஒடுக்கி, பெயர்க் கட்டத்தை அகலமாக்கி, அந்த அப்பாவை ஒரே வரியில் படுக்க வைத்த பிறகுதான் அச்சடித்தார். பாசிர் பெனம்பாங்கிலிருந்து கடல் உணவுக் கடைக்கார அம்மா மெனு அடிக்க வந்தாலும் இதே கதைதான். நண்டுக்கு மூன்று வரி விளக்கம், இறாலுக்கு ஒரு வரி என்றால் நண்டின் பாடு திண்டாட்டம். ஒரு தடவை கோயில் அன்னதானத்தில் பந்தியில் கோணலாகக் கிடந்த இலைகளை ஒவ்வொன்றாகத் தள்ளி நேராக்கிக்கொண்டே போனார். "இங்கயும் கட்டம் போட வந்துட்டியா?" என்று ஒருவர் கத்தினார். எனக்கு அவர் மேல் பிரியம் வந்ததே இப்படிப்பட்ட கோமாளித்தனங்களால்தான். அந்தப் பிரியத்தை எழுதும்போதே என் கை கூசுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

என் அம்மா ஜெராமுக்கு உள்ளே இருந்த ஒரு எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டினவர். பிறகு எஸ்டேட் எண்ணெய்ச் செம்பனைக்கு மாறியபோது உதிர்ந்த பழம் பொறுக்கினவர். அப்பா போன பிறகு, லயத்து வரிசை வீடுகளில், தன் அண்ணன் வீட்டின் பின்பாதியில் இருந்தார். மாமா குடும்பம் முன்பாதியில். கதவில் ஒரே நம்பர்: முப்பத்தொன்று. நான் வளர்ந்ததும் அதே நம்பரில்தான்.

எஸ்டேட் நிலத்தை ஒரு வீடமைப்புக் கம்பெனி வாங்கியது. பெரிய இழுபறிக்குப் பிறகு, லயத்தில் குடியிருக்கும் பழைய தொழிலாளி ஒவ்வொருவருக்கும் பக்கத்திலேயே ஒரு தரைவீடு தருகிறோம் என்று ஒத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் இல்லை, ஒவ்வொரு தொழிலாளிக்கும். அதனால் மாமாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. "எனக்குன்னு ஒரு கதவு," என்று அம்மா அதைச் சொல்லிச் சொல்லிப் பார்ப்பார். அறுபது வயது வரை அவர் வேறு யாருடைய வீட்டிலாவதுதான் இருந்திருக்கிறார்.

கம்பெனிக்குப் பெயர்ப் பட்டியல் கொடுக்க வேண்டும். எஸ்டேட் கமிட்டித் தலைவர், கையால் எழுதின பட்டியலோடு எங்கள் கடைக்கு வந்தார். நாற்பத்தெட்டு வீடு, நாற்பத்தொன்பது பெயர். முப்பத்தொன்றில் மட்டும் இரண்டு பெயர். மாமா பெயரை எழுதி, அதே இடத்தில் கீழே அம்மா பெயரை எழுதியிருந்தார். அக்காவும் அப்படியே ஒரே கட்டத்துக்குள் இரண்டு வரியாக அடித்தார்.

அடித்து முடித்ததும் சரிபார்த்தோம். நான் கைப்பட்டியலை உரக்கப் படித்தேன், அக்கா திரையில் பார்த்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தோம் என்றே சொல்லலாம். அம்மா பெயரை நான் படித்தபோது அக்கா திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். "வந்துட்டாங்க அம்மா," என்றார். எல்லாம் சரியாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் கட்டத்துக்கு அலங்காரம். அக்காவின் சட்டப்படி, அலங்காரம் எப்போதும் கடைசி. ஒரு பக்கத்துக்கு இருபத்துநான்கு வரிசை, மொத்தம் இரண்டு பக்கம் என்று கணக்குப் போட்டிருந்தார். ஆனால் நாற்பத்தெட்டாவது வரிசை மட்டும் மூன்றாவது பக்கத்துக்கு ஓடிப்போய்த் தனியாக நின்றது. தலைவர் கீழே மோட்டார் சைக்கிளை அணைக்காமல் வைத்துவிட்டு, மாடிப்படியில் நின்று "ஆச்சா, ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் திரையைப் பார்த்தேன். சொன்னேன்: "அந்த முப்பத்தொன்னு மட்டும் ஏன்க்கா தடியா நிக்குது? அசிங்கமா இருக்கு. எல்லாத்தையும் சமமாக்கிடுங்க, ரெண்டு பக்கத்துல முடிஞ்சிரும்."

என் வாயால் சொன்னேன். எங்கள் வீட்டு நம்பரைச் சொல்லியே சொன்னேன். எழுத்தைச் சின்னதாக்குவார் என்று நினைத்துச் சொன்னேனா, எதையுமே நினைக்காமல் சொன்னேனா, எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன், தெரியவில்லை.

அக்கா எல்லா வரிசைகளையும் தெரிவு செய்தார். உயரத்துக்கு ஒரு எண் போட்டார். அந்த இடத்தில் இரண்டு வழி உண்டு. 'அட் லீஸ்ட்' என்று வைத்தால் வரிசை குறைந்தது அந்த உயரம் இருக்கும், எழுத்து அதிகமானால் தானாக வளர்ந்துகொள்ளும். 'எக்ஸாக்ட்லி' என்று வைத்தால் அந்த உயரம்தான், உள்ளே எத்தனை வரி இருந்தாலும் சரி. மிச்சம் கோட்டுக்குக் கீழே போய்விடும். திரையிலும் தெரியாது, தாளிலும் வராது. அக்கா 'எக்ஸாக்ட்லி'யைத் தட்டினார். பட்டியல் இரண்டே பக்கத்தில் கச்சிதமாக வந்து நின்றது. "இப்ப பாரு," என்றார்.

நானும் பார்த்தேன், அழகாக இருந்தது. நான்தான் அதை நான்கு பிரதி எடுத்தேன். அந்தப் பக்கம் என் கை வழியாகத்தான் போனது. மை திட்டுத்திட்டாக விழுகிறதா என்று மட்டும் பார்த்தேன்.

தலைவர் அதை எஸ்டேட் கோயிலில் மேசை போட்டு வைத்தார். எல்லாரும் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் லயத்தில் ஒரு பழக்கம் உண்டு. தண்ணீர் பிடிப்பதிலிருந்து கிளினிக் சீட்டு வரைக்கும் எல்லாமே வீட்டு நம்பரில்தான் நடக்கும். ஆளையே நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அதனால் வந்தவர்கள் யாரும் பெயரைத் தேடவில்லை. நம்பரைத் தேடினார்கள். அம்மாவும் வரிசையில் நின்று, மேசைக்கு வந்து, "முப்பத்தொன்னு இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். "இருக்கு, ஒங்கண்ணன் கையெழுத்துப் போட்டாச்சு," என்று பதில் வந்திருக்கிறது. சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருக்கிறார்.

சில மாதம் கழித்துச் சுராட் வந்தது, வீடு ஒதுக்கிய கடிதம். வீடு வீடாக, கம்பெனி முத்திரையோடு. மாமாவுக்கு வந்தது. அம்மா ஒரு வாரம் காத்திருந்துவிட்டு எனக்குப் போன் செய்தார். "எனக்குச் சுராட் வரல. தபால்காரன் மறந்துட்டான் போலிருக்கு," என்றார். தபால்காரன் மறக்கவில்லை.

நான் பட்டியலின் நகலோடு அக்காவின் மேசைக்குப் போனேன். "எங்கம்மா பேரு எங்கக்கா?"

அவர் நகலைப் பார்த்தார். முகம் செத்துப்போனது. கோப்பைத் திறந்து முப்பத்தொன்றாம் வரிசையில், மாமா பெயருக்குப் பக்கத்தில் கர்சரை வைத்தார். கீழ்நோக்கும் அம்புக்குறியை ஒரு தடவை தட்டினார். கர்சர் கோட்டுக்குக் கீழே இறங்கி மறைந்துவிட்டது.

"இருக்காங்க," என்றார் மெல்ல. "உள்ள இருக்காங்க."

"உள்ள இருந்து என்ன பிரயோசனம்!" என்று கத்தினேன். வாய்க்கு வந்தபடி பேசினேன். கட்டம் கட்டம் என்று பைத்தியம் பிடித்து அலைந்து என் அம்மாவின் வீட்டைத் தின்றுவிட்டாய் என்றேன். அதுவரை அவரை நீ என்று சொன்னதில்லை. கடையில் நான்கு பேர் நின்றிருந்தார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். 'நீதானே சமமாக்கச் சொன்னே' என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்கலாம். நான் அதைத்தான் எதிர்பார்த்தேன், அதற்காகத்தான் அவ்வளவு சத்தமாகக் கத்தினேன். அவர் சொல்லவில்லை.

அந்த மாதமே வேலையை விட்டேன். ரவாங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை கிடைத்தது. லயத்தை உடைக்க ஆரம்பித்ததும் அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். நான்காவது மாடி, லிஃப்ட் இல்லை. மாமா புதுவீட்டில் ஓர் அறையைத் தருகிறேன் என்று ஒரு பேச்சுக்குக் கூடச் சொல்லவில்லை. "எம் பேரு இருந்துச்சு, பாத்தேன், கையெழுத்துப் போட்டேன்," என்றார். அவ்வளவுதான். அம்மா மாடியிலிருந்து இறங்கவே பயப்படுவார். பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கீழே போகிற லோரிகளைப் பார்ப்பார். தப்பு எப்படி நடந்தது என்று அவர் ஒரு நாளும் என்னிடம் கேட்கவில்லை. கேட்காதது எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது மேசையில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. "ஒங்கூட வேல செஞ்ச புள்ள வந்துச்சு, அந்த டைப் அடிக்கிற புள்ள," என்றார் அம்மா. "பஸ் புடிச்சு வந்துருக்கு, பாவம். ரொம்ப எளச்சுப்போச்சு." நான் ஒன்றும் கேட்காமல் குளிக்கப் போய்விட்டேன். அந்த பிஸ்கட்டை நான் தொடவில்லை.

அம்மா அங்கே இரண்டு வருஷம் இருந்தார். அப்புறம் போய்விட்டார். தூக்கிக்கொண்டு இறங்கியவர்கள் ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினார்கள்.

போன மாதம் அக்காவும் போய்விட்டார். சிறுநீரகம். நான்கு வருஷமாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டிருந்தாராம், எனக்குத் தெரியாது. தகவல் வந்ததும் ஜெராமுக்குப் போனேன். எந்த முகத்தோடு போனேன் என்று கேட்காதீர்கள். காரியம் முடிந்ததும் அவருடைய தம்பி ஒரு பென்டிரைவைக் கொடுத்தார்.

"அக்கா உங்ககிட்டத்தான் குடுக்கச் சொன்னிச்சு. ஃபைல் ரெண்டே ரெண்டுதான் இருக்கு. எனக்கு ஒண்ணும் வெளங்கல," என்றார்.

மறுநாள் அலுவலகத்தில் உணவு இடைவேளையில் திறந்தேன். முதல் கோப்பு அந்தப் பட்டியல். முப்பத்தொன்றாம் வரிசைக்குப் போனேன். 'எக்ஸாக்ட்லி'யை 'அட் லீஸ்ட்' என்று மாற்றினேன். வரிசை மெதுவாகத் திறந்தது. மாமாவுக்குக் கீழே அம்மா. நாற்பத்தெட்டாவது வரிசை மூன்றாவது பக்கத்துக்கு ஓடியது. ஒரு தாள். ஒரே ஒரு தாள் கூடுதலாகப் போயிருக்கும்.

இரண்டாவது கோப்பும் ஒரு கட்டம்தான். அக்கா தனக்காகத் தமிழில் அடித்தது. நான்கு தலைப்பு: தேதி, பார்த்த ஆள், பேசியது, அடுத்து. ஒன்பது பக்கம். தலைப்பு ஒவ்வொரு பக்கத்திலும் தானாக வந்தது. ஆனால் வரிசைகள் ஒன்றுபோல் இல்லை. ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. அதில் எதையும் அவர் சமமாக்கவில்லை.

கம்பெனி காவலாளி, உள்ளே விடவில்லை. கம்பெனியில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி, பட்டியல் மூடியாச்சு என்றார். மேலாளர், நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பட்டியல் என்றார். 'தட்டச்சு செய்த என் தப்பு, அவர்கள் தப்பு இல்லை என்றேன்' என்று அக்கா எழுதியிருந்தார். நில அலுவலகம். சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையம். கமிட்டித் தலைவர், இனிமேல் கிளறாதே என்றார். மறுபடியும் கம்பெனி கிராணி. மறுபடியும். 'அடுத்து' என்ற கடைசிக் கட்டத்தில் எல்லா வரிசையிலும் ஒரே வாசகம்: மறுபடி போக வேண்டும். டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகும் போயிருக்கிறார். அத்தனை வருஷமும் நான் அவரை மன்னிக்காமல் இருப்பதைப் பெரிய காரியமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கட்டம் தேதிப்படிதான் போனது. ஒரே ஒரு வரிசையை மட்டும் அவர் இடம் மாற்றி, எல்லாவற்றுக்கும் கீழே வைத்திருந்தார். அம்மா இருந்தபோது, ரவாங்கில் என் வீட்டுக்கு அவர் வந்த நாள் அது. பார்த்த ஆள் என்ற கட்டத்தில் அம்மாவின் முழுப் பெயர், அவருடைய அப்பா பெயரோடு, ஐசியில் இருப்பதைப் போலவே. பேசியது என்ற கட்டத்தில் இப்படி இருந்தது:

"நடந்ததை விளக்கிச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். சாப்பிட்டியா என்று கேட்டார். சோறு போட்டார். பிறகு, என் மகளும் அன்றைக்குக் கடையில் கூடத்தானே இருந்தாள், அவள் பார்க்கவில்லையா என்று கேட்டார். அவள் அன்றைக்கு லீவு என்று சொன்னேன். அப்படியா என்றார். முகம் தெளிந்தது."

அடுத்து என்ற கட்டத்தில், அந்த ஒன்பது பக்கத்திலும் முதல் தடவையாக, வேறு வாசகம் இருந்தது.

"ஒன்றும் இல்லை."